உப்பு உங்கள் கையில்: ஜூரோங் சந்தையிலிருந்து ஒரு பானை சூப்

பள்ளி முடிந்து, இணைப்பாட நடவடிக்கையும் முடிந்து, பூன் லே அல்லது லேக்சைட் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மணி ஏழாகிவிடுகிறது. அம்மா, அப்பா இருவரும் வேலை நேரம் மாறி மாறி வருபவர்கள் என்றால் அடுப்படியில் ஆள் இருக்காது. பசிக்கு முதலில் கைக்கு எட்டுவது உடனடி நூடல்ஸ் பொட்டலம்தான். கொதிநீரை ஊற்றினால் மூன்று நிமிடத்தில் சாப்பாடு தயார். தேர்வுக் காலத்தில் பல மாணவர்களின் இரவு உணவே அதுதான்.

அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே 'சோடியம்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு பொட்டலத்தில் 1,500 மில்லிகிராமைத் தாண்டும் நூடல்ஸ் வகைகள் பல உண்டு. ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம். காலை உணவும் பள்ளி உணவகச் சாப்பாடும் போக, இரவில் ஒரே பொட்டலம் அந்த அளவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு விடுகிறது.

இது நூடல்ஸ் சாப்பிடுவோரின் சிக்கல் மட்டுமன்று. சிங்கப்பூர்வாசிகள் 2019ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 3,480 மில்லிகிராம் சோடியம் உட்கொண்டனர். 2022ஆம் ஆண்டில் அது 3,620 மில்லிகிராமாக உயர்ந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் விகிதம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வின்படி 37 விழுக்காடு. அதாவது மூவரில் ஒருவருக்கும் மேல். தாத்தா, பாட்டிக்கு மட்டும் வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை இது. உப்பின் சுவைக்கு நாக்கு பழகுவது இளம் வயதில்தான்.

பபிள் டீ வாங்கும்போது 'நியூட்ரி-கிரேட்' எழுத்துகளைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். பானங்களின் சர்க்கரைக்காக 2022 டிசம்பர் இறுதியில் தொடங்கிய அந்தக் குறியீடு, உப்பு, சுவைச்சாறுகள், சுவையூட்டிகள், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விரிவுபடுத்தப்படும் என்று சுகாதார அமைச்சு 2024 ஆகஸ்ட் மாதம் அறிவித்தது. குறியீடு வரும்போது வரட்டும். அதற்குள் ஓர் எளிய திறனை நாம் கற்றுக்கொள்ளலாம். அது, சந்தையில் அன்று நன்றாக இருக்கும் பொருளை வாங்கி, வீட்டில் ஒரு பானை சூப் வைப்பது.

சூப்பை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒரே பாத்திரம் போதும். வெட்டுவதில் நேர்த்தி தேவையில்லை. இருபது, முப்பது நிமிடங்களில் ஆகிவிடும். காய்கறி வேகும்போது தண்ணீரில் கரைந்துவிடும் சத்துகளும் நம் வயிற்றுக்குள்ளேயே போகின்றன. மற்ற சமையலில் அந்தத் தண்ணீரைப் பெரும்பாலும் கொட்டிவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு உப்பு என்பதை முடிவு செய்வது சமைப்பவர்தான்.

மிளகுத் தண்ணீர் போன தூரம்

'சூப்' என்றதும் அது மேற்கத்திய உணவு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் உலகின் பல உணவகப் பட்டியல்களில் இன்றும் இருக்கும் 'மல்லிகடானி' சூப், நம் 'மிளகுத் தண்ணீர்'தான். சென்னையில் இருந்த ஆங்கிலேயருக்கு உணவின் தொடக்கத்தில் சூப் குடிக்கும் பழக்கம். நம் சமையலில் அப்படித் தனியாக ஒன்று பரிமாறுவதில்லை. எனவே மிளகு ரசத்தில் இறைச்சியும் வேறு பொருள்களும் சேர்த்து, அவர்களுக்கு ஏற்ற சூப் ஒன்று உருவானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர்களை மற்ற மாகாணத்தினர் 'மல்ஸ்' என்று கேலியாக அழைக்கும் அளவுக்கு அந்த சூப் அவர்களோடு ஒட்டிக்கொண்டது.

சிங்கப்பூரிலும் நமக்குச் சொந்தமான ஒரு சூப் உண்டு. உணவங்காடி நிலையங்களில் இந்திய முஸ்லிம் கடைகள் விற்கும் 'சூப் காம்பிங்' எனும் ஆட்டு சூப்பில் மல்லி, சோம்பு, சீரகம், பட்டை எல்லாம் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை. பெயர் மட்டும் மலாய். பொரித்த வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, ரொட்டித் துண்டுடன் தருவார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தில் இப்படிக் கலந்து உருவான உணவுகள் ஏராளம்.

ஆக, ரசம் வைக்கத் தெரிந்த வீட்டில் சூப் புதிதில்லை. புதிதாகக் கற்க வேண்டியது, எந்த நேரத்தில் எதை வாங்குவது என்பதைத்தான்.

பருவம் இல்லாத ஊரில் பருவம்

சமையல் புத்தகங்கள் 'அந்தந்தப் பருவத்துக் காய்கறிகளை வாங்குங்கள்' என்கின்றன. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் சிங்கப்பூரில் அதற்கு என்ன பொருள்?

நம் தட்டில் இருக்கும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாவது. 170க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து அது வருகிறது. அதனால் இங்கே பருவம் மரத்தில் தெரியாது. சந்தைக் கடையின் விலை அட்டையில் தெரியும்.

ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 52இல் உள்ள புளோக் 505 சந்தை, பூன் லே பிளேஸ் சந்தை, தாமான் ஜூரோங் சந்தை, யூஹுவா சந்தை என்று இந்த வட்டாரத்தில் ஈரச்சந்தைகளுக்குக் குறைவில்லை. ஆண்டு இறுதியில் அங்கே போனால் சாய் சிம், கங்கோங், பாயம் போன்ற கீரைகளின் விலை ஏறியிருப்பதைப் பல ஆண்டுகளில் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை ஜொகூரிலும் கேமரன் மலையிலும் கொட்டித் தீர்க்கும் மாதங்கள் அவை. இலைக் காய்கறிகள் மழையில் எளிதில் அழுகிவிடும், வரத்து குறையும். அதே நேரத்தில் பரங்கிக்காய், கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவை அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. அவை நாள்பட இருக்கக்கூடியவை. பல நாடுகளிலிருந்தும் வருபவை. ஆகவே மழை மாதங்களில் கிழங்கும் பருப்பும் சேர்ந்த கெட்டியான சூப், மழை குறைந்து கீரை மலிந்த மாதங்களில் கீரை சூப் என்று வைத்துக்கொள்வது பைக்கும் நல்லது, சுவைக்கும் நல்லது.

மீனுக்கும் இதே கணக்குதான். ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் 1969ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. நாம் தூங்கும் பின்னிரவில்தான் அங்கே மொத்த வியாபாரம் சூடுபிடிக்கும். விடிவதற்குள் மீன் தீவெங்கும் உள்ள சந்தைகளுக்குப் போய்விடும். செனோக்கோ மீன்பிடித் துறைமுகம் 2024இல் மூடப்பட்டு, அதன் வணிகமும் இங்கே மாறியது. பருவமழை மாதங்களில் தென்சீனக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மலேசியக் கிழக்குக் கரையில் சிறு படகுகள் அதிகம் கடலுக்குப் போவதில்லை. சீனப் புத்தாண்டும் அதையொட்டி வருவதால் அப்போது மீன் விலை ஏறும். மீன் சூப் வைக்க நினைப்பவர் அந்த வாரங்களைத் தவிர்க்கலாம்.

சில நேரம் வரத்தை நிறுத்துவது மழையாக இருக்காது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டில் நாம் இறக்குமதி செய்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. அந்த வாரங்களில் உறையவைத்த கோழிக்கும் வேறு புரத உணவுகளுக்கும் மாறிய வீடுகள் பல. ஒரு பொருள் இல்லையென்றால் இன்னொன்றை வைத்துச் சமைக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதை அது காட்டியது. சூப் அதற்கு வளைந்துகொடுக்கும் உணவு. கோழிக்குப் பதில் காளான், கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் என்று மாற்றினாலும் சூப் சூப்தான்.

தமிழர் நாட்காட்டியிலும் சூப்புக்குப் பருவம் உண்டு. தை மாதம் பொங்கலையொட்டி கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் குவியும்போது, இலையோடு கட்டிய பச்சை மஞ்சளும் இஞ்சியும் லிட்டில் இந்தியாவெங்கும் கிடைக்கும். ஒரு விரல்நீளப் பச்சை மஞ்சளை நசுக்கி ரசத்தில் போட்டால் அதன் மணமே வேறு. சித்திரைப் புத்தாண்டுக்கு வேப்பம்பூ ரசம்; வேம்பு பூக்கும் காலம் அதுவே. இந்தியாவிலிருந்து மாங்காய் வரத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் புளிக்குப் பதில் மாங்காய் போட்ட ரசம். இவற்றையெல்லாம் உங்கள் பாட்டியிடம் கேட்டால், கட்டுரையில் எழுத முடியாத அளவுகளும் சேர்த்துச் சொல்வார்.

ஒரு பானை, மூன்று சூப்

முதல்முறை சமைப்பவர்களுக்காக மூன்று வகைகளை இங்கே தருகிறோம். ஒவ்வொன்றும் நால்வருக்கு. மூன்றிலும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு லிட்டர்.

முதலாவது, எந்த மாதமும் வைக்கக்கூடிய தக்காளி மிளகு சூப். நன்கு பழுத்த தக்காளி நான்கைக் கையால் பிசைந்து தண்ணீரில் போடவும். மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல் ஆகியவற்றை இடித்துச் சேர்க்கவும். சிட்டிகை மஞ்சள்தூள், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி உப்பு. வேகவைத்த துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி இருந்தால் சேர்க்கலாம். பத்து நிமிடம் மிதமான தீயில் வேகட்டும். நுரைத்து மேலே வரும்போது அடுப்பை அணைத்து, கொத்தமல்லித் தழை தூவி மூடிவிடவும். நீண்ட நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

இரண்டாவது, கீரை மலிந்த மாதங்களுக்கு. முருங்கைக்கீரை தேக்கா சந்தையில் கிடைக்கும். வீட்டுக்கு அருகில் உள்ள சமூகத் தோட்டத்தில் முருங்கை நின்றால், பராமரிப்பவரைக் கேட்டுப் பறித்துக்கொள்ளலாம்; கேட்காமல் பறிக்கக் கூடாது. உருவிய இலை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் பத்து, ஒரு தக்காளி, நான்கு பல் பூண்டு, மிளகு, சீரகம். எல்லாவற்றையும் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, இறக்கியபின் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியவும். முருங்கை கிடைக்காவிட்டால் பாயம். நெத்திலிக் கருவாட்டை, அதாவது இக்கான் பிலிஸை, ஒரு கைப்பிடி கழுவி வறுத்து இருபது நிமிடம் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் பாயத்தைக் கடைசி மூன்று நிமிடத்தில் போட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்திலும் பழகிய சூப் அது. நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்க்காமல் உப்புப் போட வேண்டாம்.

மூன்றாவது, மழை மாதங்களுக்கான பரங்கிக்காய் சூப். பரங்கிக்காய் அரை கிலோ, ஒரு கேரட், ஒரு வெங்காயம், விரல்நீள இஞ்சி, கழுவிய பாசிப்பருப்பு கால் கப். எல்லாம் குழையும்வரை அரை மணி நேரம் வேகவைத்து மத்தால் கடைந்துவிடவும். அரைத் தேக்கரண்டி உப்பும் நிறைய மிளகுத்தூளும் போதும். பருப்பு இருப்பதால் வயிறு நிறையும். ஒரு துண்டு ரொட்டியோடு இரவு உணவு முடிந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அரைத் தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் சோடியம். அதை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 250. தொடக்கத்தில் சொன்ன நூடல்ஸ் பொட்டலத்துடன் ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு.

உப்பைக் குறைத்தால் சப்பென்று இருக்காதா?

இந்தக் கேள்விக்கு வேதியியல் வகுப்பில் பதில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, கடற்பாசி சூப்பின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். பழுத்த தக்காளி, காய்ந்த காளான் போன்றவற்றில் அது இயற்கையாகவே உண்டு. தக்காளியில் விதையைச் சுற்றியுள்ள கூழில்தான் அது அதிகம்; எனவே விதையை நீக்க வேண்டாம். நெத்திலியில் உள்ள வேறு சில பொருள்கள் குளுட்டமேட்டோடு சேரும்போது அந்தச் சுவை பன்மடங்காகும்.

புளிப்பும் காரமும் உப்பின் வேலையில் பாதியைச் செய்யும். எலுமிச்சையை இறக்கியபின் பிழிவதும் மிளகைப் புதிதாக இடிப்பதும் அதனால்தான். உப்பைக் கடைசியில் சேர்த்தால் குறைவாகவே போதும். கடையில் விற்கும் சூப் கட்டிகளை எளிய வழி என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். பல கட்டிகளின் மூலப்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது உப்பு.

குறைந்த சோடியம் உப்பும் கடைகளில் கிடைக்கிறது. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது.

மிச்சத்தை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை வைத்தால் இரண்டு, மூன்று நாள்களுக்கு இரவு உணவுக் கவலை இல்லை. ஆனால் அடுப்பின்மேலேயே இரவு முழுவதும் விட்டுவிடுவது ஆபத்து. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை; பெரிய பானை மெதுவாக ஆறும்போது அவை மீண்டும் வளரத் தொடங்கும். ஆகவே சிறிய, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடவும். எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்கவும்.

பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருப்பவர்கள், அங்கே எந்த அடுப்பைப் பயன்படுத்தலாம் என்ற விதியை முதலில் பார்த்துக்கொள்ளவும். பொதுச் சமையலறை இருந்தால் நான்கு நண்பர்கள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுச் சமைக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உணவு, நுகர்வோர் கல்விப் பாடத்தில் கற்ற கத்தி பிடிக்கும் முறையும் சத்துக் கணக்கும் கைகொடுக்கும்.

இந்தச் சனிக்கிழமை

1961ஆம் ஆண்டு தொழிற்பேட்டைக்கான பணிகள் தொடங்கும் முன்பு ஜூரோங் சதுப்புநிலமும் இறால் குளங்களுமாக இருந்தது. உணவு விளைந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. உணவு வெளியே எங்கிருந்தோ வருகிறது. சமைத்த உணவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. எதில் எவ்வளவு உப்பு என்பதை நமக்காக வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது அந்த முடிவை வீட்டுக்குள் கொண்டுவரலாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு அருகில் உள்ள ஈரச்சந்தைக்குப் போங்கள். மதியத்துக்குள் பல கடைகள் மூடிவிடும். திங்கட்கிழமைகளில் பலர் கடை திறப்பதில்லை. பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டாம். காய்கறிக் கடைக்காரரிடம் இன்று எது புதிதாக வந்தது, எது விலை இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் காட்டுவதில் இரண்டை வாங்குங்கள். மிளகும் சீரகமும் பூண்டும் வீட்டில் இருக்கும். மாலையில் வேலை முடிந்து வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு கிண்ணம் சூடாக எடுத்து வைத்துவிட்டு, உப்புப் போதுமா என்று கேளுங்கள். கொஞ்சம் குறைகிறது என்றால் எலுமிச்சம்பழத்தை நீட்டுங்கள்.